இருபத்திரண்டு நட்டுகள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று பதினெட்டு ரப்பர் உடைகள் அலசினேன். மூன்றில் மூத்திர வாடை. கடலுக்கு அடியில் சுறாவைப் பார்த்ததும் போயிருப்பார்கள். படகிலிருந்து இறங்கும்போது எல்லோரும் "பயமே இல்லைங்க" என்று கைகொடுத்துக்கொள்கிறார்கள். உடைக்குத்தான் உண்மை தெரியும். எனக்கும்.

ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ச் சுறா காட்டும் கடை இது. என் அறை அதன் பின்பக்கம். நான்கு தொட்டி, ஒரு கம்ப்ரஸர், காற்றடைத்த சிலிண்டர்கள் சுவரோரமாக. யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை. அதற்காகத்தான் இந்த வேலை பிடித்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வார்கள். எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் வகுப்பு முடியும்வரை நின்றேன், பதில் தெரிந்தும். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும். அம்மா ஒரு வாரம் திட்டிவிட்டு, தான் வேலை பார்க்கும் ஓட்டலுக்குத் துணி மடிக்கக் கூட்டிப்போனாள். அங்கிருந்து அண்ணன் இங்கே கொண்டுவந்து சேர்த்தான்.

இங்கேயும் ஒரு தடவை மானம் போனது. பழுதான சாமான்களை எழுத ஒரு குறை நோட்டு உண்டு. "மாஸ்க் வார் களைத்துவிட்டது" என்று எழுதியிருந்தேன். மேனேஜர் எல்லோருக்கும் நடுவில் அதைச் சத்தமாகப் படித்தார். அன்றிலிருந்து படகோட்டி மாமா என்னைக் 'களைப்பு' என்றுதான் கூப்பிடுகிறார்.

வார் களைக்கத்தான் செய்யும். இழுத்து இழுத்து.

பிப்ரவரி 5, புதன்

மத்தியானம் சாப்பிடும்போது அண்ணனின் சுறாக்கதை. அம்மாவுக்குப் பிடிக்காது. ஆனால் எழுந்து போகவும் மாட்டாள்.

காசு கட்டி வரும் விருந்தாளிகள் பார்க்கச் சுறாக்களுக்கு மீன் ஊட்டுவது அவன் வேலை. முன்பெல்லாம் அவன் மீன் பெட்டியோடு இறங்கினாலே மொத்தமாகப் பாய்ந்து வருமாம். "பஸ்ஸுக்கு முண்டியடிப்பாங்களே, அப்படி." அதனால் ஒரு பழக்கம் உண்டாக்கினான். இரும்புக் கம்பியால் முதுகிலிருக்கும் சிலிண்டரில் மூன்று முறை தட்டுவான். அதற்கப்புறம்தான் பெட்டி திறக்கும். தட்டாமல் ஒரு துண்டு மீன்கூடக் கிடையாது. ஆறு மாதம் இதே. இப்போது விருந்தாளிகள் மணலில் வட்டமாக மண்டியிட்டு உட்காரும்வரை ஒன்றும் கிட்டே வருவதில்லையாம். தட்டினால்தான் வரும். பார்க்கிறவர்கள் அசந்துபோகிறார்கள். கடைக்குப் பேர் வந்ததே இதனால்தான்.

இருப்பதில் பெரியது ஒரு பெண் சுறா. முதுகுத் துடுப்பில் ஒரு வெட்டு. அண்ணன் வைத்த பேர் கணக்கு வாத்தி. "ஒவ்வொருத்தர் முன்னாலயும் வந்து, வீட்டுக்கணக்கு போட்டியான்னு பார்த்துட்டுத்தான் போவா."

"பொம்பளைச் சுறாவுக்கு எதுக்குடா வாத்தின்னு பேரு?" என்றாள் அம்மா.

"டீச்சர்னா விருந்தாளிங்களுக்குப் பயம் வராதும்மா."

அம்மா சிரிக்கவில்லை. "அந்த இரும்புக் கையுறையைப் போடுறியா இல்லையா?"

"போடுறேன், போடுறேன்." வீட்டுக்கு வரும்போதும் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றான், சோற்றைப் பிசைந்தபடி.

பிப்ரவரி 7, வெள்ளி

நேற்று விருந்தாளியாக வந்த ஒரு அம்மாவுக்கு நீருக்கடியில் மாஸ்க்கில் தண்ணீர் ஏறிவிட்டது. கை ஆட்டியிருக்கிறார், யாரும் திரும்பவில்லை. மேலே வந்து அழுதார். தினமும் இரண்டு இடத்தில் இறங்குவார்கள். முதலில் சுறா இடம், அப்புறம் கொஞ்சம் தள்ளிப் பவளத் தோட்டம். இது தோட்டத்தில் நடந்தது.

மேனேஜர் இன்று ஒரு பெட்டி வாங்கி வந்தார். ரப்பர் வளையத்தில் பிளாஸ்டிக் குண்டு கோத்தது, இருபத்திரண்டு. சிலிண்டரில் மாட்டி, குண்டை இழுத்து விட்டால் சத்தம் வரும், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மாட்டிப் பார்த்தார்கள். டொக்.

"கொசு தும்மின மாதிரி இருக்கு" என்றார் படகோட்டி மாமா.

நான் தொட்டி ஓரம் நின்றிருந்தேன். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறையப் பழைய இரும்பு நட்டுகள் கிடக்கின்றன. ஒன்றும் சொல்லாமல் குண்டை வெட்டி எடுத்துவிட்டு நட்டைக் கோத்தேன். சிலிண்டரில் மாட்டி இழுத்து விட்டேன். டிங். கொட்டகை முழுக்கக் கேட்டது.

"யார் அது?" என்று மேனேஜர் திரும்பினார்.

கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடம் மாதிரி.

பிப்ரவரி 8, சனி

இருபத்திரண்டும் முடிந்தது. மேனேஜர் விருந்தாளிகளிடம், "இது எங்க பொண்ணோட யோசனை" என்றார். எங்க பொண்ணு. சுறா இடத்தில் இதைத் தொடக்கூடாது, தோட்டத்தில் மட்டும்தான் என்றும் சொன்னார். படகோட்டி மாமா, "நம்ம களைப்புக்குள்ள ஒரு மூளை ஒளிஞ்சிருந்திருக்குய்யா" என்றார். இனி என் பேர் மூளை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகம் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

பிப்ரவரி 12, புதன்

ஒன்று பார்த்தேன்.

படகு வந்து, சிலிண்டர்களைத் துறைப்படியில் இறக்கி வைத்தார்கள். நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு ரப்பர் நழுவி டிங் என்று அடித்தது. கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது. எப்போதும் வெள்ளிப் பொடிமீன்தான் இருக்கும். இரண்டு நிழல் வந்தது. கை நீளம். சுறாக்குட்டிகள். மீன் பெட்டியை இன்னும் படகிலிருந்து இறக்கவில்லை, அதனால் வாடை இல்லை. சுற்றிவிட்டுப் போய்விட்டன.

அண்ணன் மாதிரி மூன்று முறை தட்டினேன். வந்தன. இப்போது நான்கு.

காலால் படியை உதைத்துப் பார்த்தேன். வரவில்லை. தட்டினேன். வந்தன.

அவற்றுக்கு அண்ணனைத் தெரியாது. சத்தத்தைத்தான் தெரியும். இரும்பு அடித்தால் சோறு.

தோட்டத்தில் எல்லா விருந்தாளிகள் முதுகிலும் அந்தச் சத்தத்தை நான்தான் கட்டி அனுப்புகிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

சாப்பிடும்போது கேட்டேன். "அண்ணா, சுறாவுக்குக் காது இருக்கா?"

"உன்னைவிட நல்லாவே கேக்கும். நீதான் பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டே."

அம்மா சிரித்தாள். நானும். மிச்ச வாக்கியத்தைச் சோற்றோடு விழுங்கிவிட்டேன்.

அவனுக்குத் தெரியாததா? தினமும் இறங்குகிறவன் அவன். நான் முழங்கால் தண்ணீருக்கு மேல் போனதில்லை. எனக்கு என்ன தெரியும்?

இல்லை. அது காரணம் இல்லை. சொன்னால் நட்டையெல்லாம் கழற்றச் சொல்வார்கள். நான் மறுபடியும் களைப்பு ஆகிவிடுவேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

அண்ணனுக்கு இன்று தலைகால் புரியவில்லை. கணக்கு வாத்தி பவளத் தோட்டத்துக்கும் வந்தாளாம். பெட்டியும் இல்லை, மீனும் இல்லை, சும்மா வந்து ஒரு சுற்றுச் சுற்றினாளாம். "என்னைத் தேடிக்கிட்டு வர்றா. நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே." விருந்தாளிகள் படம் பிடித்துத் தள்ளினார்களாம்.

யாராவது தட்டினார்களா என்று கேட்க வாயெடுத்தேன். அவனுக்குப் போன் வந்துவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

குறை நோட்டில் எழுதினேன். 'நட்டுச் சத்தத்துக்குச் சுறா வருகிறது. விருந்தாளிகளிடம் கொடுக்க வேண்டாம்.' பெரிய எழுத்தில், கோணாமல்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்ன மூளை, இன்னைக்கு எது களைச்சுப்போச்சு?"

அவர் அந்தப் பக்கம் போனதும் தாளைக் கிழித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டேன். தொட்டியில் குனிந்து வேலை செய்ததில் கூழாகிவிட்டது.

பிப்ரவரி 26, புதன்

இரண்டு நாளாகக் காற்று. மீன்பிடிப் படகுகள் போகவில்லை. நம் பெட்டியில் பாதிதான் மீன். நம் படகு மட்டும் போய்வந்தது. ஒன்றும் ஆகவில்லை. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை. இனியும் ஆகாது.

மார்ச் 1, சனி

ஒரு பல் டாக்டரும் அவர் மகளும் மூன்று நாளைக்கு வந்திருக்கிறார்கள். மகளுக்கு என் வயதுதான் இருக்கும், பதினேழு. உடையைத் திருப்பிக் கொடுக்க அவளே பின்பக்கம் வந்தாள். யாரும் வருவதில்லை. தரையில் வீசிவிட்டுப் போவார்கள்.

"நீ இறங்கியிருக்கியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எனக்கும் பயம்தான். அப்பாதான் இழுத்துக்கிட்டு வந்தார். அவருக்குப் பல்லுன்னா பைத்தியம். சுறாவுக்குப் பல் விழ விழப் புதுசா முளைச்சுக்கிட்டே இருக்குமாம். பாவம், அங்கப் போய்க் கிளினிக் போட முடியாது."

சிரித்துவிட்டேன். சத்தமாக. அந்த அறையில் என் சிரிப்பை நானே முதல் தடவை கேட்டேன். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் வந்தாள். அலசும்போது உடைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் கல்லூரி. என்ன படிக்கப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லையாம். "உனக்கு?" என்று கேட்டாள். நான் படிப்பை விட்டதைச் சொன்னேன். "எழுந்து நிக்கணும்னா எனக்கும்தான் வயித்தைக் கலக்கும்" என்றாள். அவ்வளவுதான். உச்சுக் கொட்டவில்லை.

முதுகுப்பக்கம் கை எட்டாததால் அவளால் நட்டை இழுத்து விட முடியவில்லையாம். அவள் சிலிண்டரில் இருந்ததைக் கழற்றி, ரப்பரைச் சின்னதாக வெட்டிக் கை மணிக்கட்டுக்கு ஏற்ற மாதிரி செய்தேன். அடையாளத்துக்கு என் சிவப்பு நூலைச் சுற்றினேன். "இதைக் கையில போட்டுக்கிட்டு உங்க அப்பா சிலிண்டர்ல தட்டு."

போட்டுப் பார்த்தாள். தொட்டி விளிம்பில் தட்டினாள். "நாளைக்குக் கடைசி நாள். தட்டிக்கிட்டே இருக்கேன், உனக்குக் கரையில கேக்கும் பாரு."

அப்போது சொல்லலாமா என்று நினைத்தேன். நாக்குக்கூட ஒட்டவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 3, திங்கள்

ரப்பர் உடை ஒன்று குறைகிறது. வெட்டித்தான் கழற்றினார்களாம்.

மார்ச் 4, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

நேற்றும் பெட்டியில் பாதி மீன்தான். சுறா இடத்தில் அண்ணன் சீக்கிரம் முடித்துவிட்டான். பெட்டியை மூடி, எப்போதும் போல் படகின் பின்னால் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டார்கள். தோட்டத்துக்குப் போனார்கள். பல் டாக்டர் மகள் ஒரு ஆமையைப் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்குக் காட்ட அவர் சிலிண்டரில் தட்டியிருக்கிறாள். எத்தனை முறை என்று யாருக்கும் நினைவில்லை. கணக்கு வாத்தி நேராக அந்தக் கையிடம் வந்திருக்கிறாள். பெட்டியிடம் வருகிற மாதிரி. பின்னால் இன்னும் மூன்று.

அண்ணன் நடுவில் போய் விழுந்து, கம்பியால் சுறாவின் மூக்கில் அடித்து, அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். படகோட்டி மாமா தன் இடுப்பு பெல்ட்டால் கையைக் கட்டினார். வலது கை. முழங்கைக்குக் கீழே.

படகு வந்தபோது நான் துறையில் நல்ல தண்ணீர் வாளியோடு நின்றேன், தினமும் நிற்கிற மாதிரி. பல் டாக்டரின் மாஸ்க் நெற்றியிலேயே இருந்தது. மகள் பக்கத்தில் ஓடிக்கொண்டே, "வாயால மூச்சு விடும்மா, வாயால, அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிளினிக்கில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார் போல.

எல்லோரும் போனதும் மீன் பெட்டியைக் கழுவினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மூடியின் கொண்டி மாட்டித்தான் இருந்தது. அதன் மேல் கயிறு, அண்ணன் போடும் இரட்டை முடிச்சு. ஈரத்தில் இறுகிக் கிடந்ததைப் பல்லால் அவிழ்த்தேன்.

இன்று காலையில் மேனேஜர் எல்லோரிடமும் சொல்கிறார்: "பெட்டி மூடி திறந்து கிடந்திருக்கு. வாடைக்கு வந்திருக்கு. அவன் மாட்ட மறந்துட்டான்."

அப்புறம் என் அறைக்கு வந்தார். மெதுவாகத்தான் பேசினார். "அந்த நட்டையெல்லாம் கழற்றிக் கடல்ல போட்டுடும்மா. அப்படி ஒண்ணு இங்க இருக்கவே இல்லை. சரியா? உனக்கும் நல்லது அதுதான்."

இருபத்தொன்று இருந்தது. சாக்கில் கட்டிப் படியிலிருந்து போட்டேன். படியில் பட்டுச் சத்தம் வந்தது. தண்ணீருக்குள் குனிந்து பார்க்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

அண்ணன் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு விரலால் கொண்டி மாட்டிக் காட்டுகிறான். மாட்டுகிறான், எடுக்கிறான், மாட்டுகிறான். "மாட்டுனேன்னுதான் நினைக்கிறேன். கைக்கு ஞாபகம் இல்லை. தினமும் மாட்டுறது. அன்னைக்கு மாட்டுனது எதுன்னு எப்படித் தெரியும்?"

மேனேஜர் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார். மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் தாள். திங்கட்கிழமை விசாரணை, அதற்குள் கையெழுத்து வேண்டுமாம். போட்டால் இனி எந்தக் கடலிலும் அவனை வேலைக்கு இறக்கமாட்டார்கள். ஜெயிலும் இருக்கலாம் என்றார் படகோட்டி மாமா. அவரே, "ஒத்துக்கோடா, கடையாவது நிக்கும். எல்லாரும் அதை நம்பித்தானே இருக்கோம்" என்றும் சொன்னார். பெட்டியைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டது அவர்தான். முடிச்சு அவர் கண்ணிலும் பட்டிருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நான் அண்ணனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். மூடி மூடியிருந்ததுன்னு சொன்னா அப்புறம் ஏன் வந்துச்சுன்னு கேப்பான். அதுக்கு என்ன சொல்றது? என்ன சொல்றது?

மார்ச் 8, சனி

பல் டாக்டர் வந்தார். மகளின் பையை எடுத்துக்கொண்டு போக.

பிழைத்துவிட்டாள். கையை எடுத்துவிட்டார்கள்.

நேராகப் பின்பக்கம் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம், அவள் வாட்ச்சும் இதுவும். இதை வலது மணிக்கட்டிலிருந்து கழற்றினார்களாம். சிவப்பு நூல் கறுப்பாகிவிட்டது.

"இது உங்க கடைச் சாமான்னு நினைக்கிறேன். திருப்பிக் கொடுத்துடணும்னு சொன்னா."

வாங்கிக்கொண்டேன்.

"அவளைத் தூக்கிட்டு வந்தது உங்க அண்ணனாமே. நன்றி சொல்லணும். ஆனா மூடியை..." அங்கேயே நிறுத்திவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டார். "கோபம் இல்லைன்னு சொல்லமாட்டேன்மா. அவன் முகத்தை நான் பார்க்காம இருக்கிறது நல்லது."

அவர் தப்பான ஆளை வெறுத்துக்கொண்டு போகிறார். சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். என்கிட்ட வந்து. என் கையில.

மார்ச் 10, திங்கள்

துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். நல்ல ஜலதோஷம் அவருக்கு, மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுதினார். மேனேஜரின் மேஜை. அந்தத் தாள், அதன் மேல் பேனா. அண்ணன் சட்டைக்குப் பித்தான் மாற்றிப் போட்டிருந்தான். நான் டீ கொண்டுபோனேன்.

"வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். கடமைக்குக் கேட்டது.

நான் ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். எழுந்திருக்க வேண்டிய வேலைகூட இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. அண்ணன் பேனாவை எடுத்தான்.

பாவாடைப் பையிலிருந்து நட்டை எடுத்து மேஜையின் இரும்புக் காலில் தட்டினேன். மூன்று.

அண்ணனின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

அதற்கப்புறம் வார்த்தை வந்தது. முடிச்சு, கொண்டி, துறைப்படி, குட்டிகள், மேனேஜர் கழற்றச் சொன்னது, எல்லாம். மேனேஜர் "சின்னப் பொண்ணு, ஏதோ உளறுது" என்றார். அந்த அம்மா அவரைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தச் சத்தத்துக்கு வருதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"பன்னிரண்டாம் தேதி."

"இந்த மாசம் இன்னும் பன்னிரண்டு வரலையேம்மா."

"போன மாசம்."

அண்ணன் பேனாவை வைத்தான். மேனேஜரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

எல்லோரும் துறைக்குப் போனோம். அந்த அம்மாவே ஒரு சிலிண்டரில் தட்டினார். ஏழு வந்தன. அவர் மூக்கைத் துடைக்க மறந்து நின்றார். படகோட்டி மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் படியின் கடைசியில் நின்று, அவை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்னைத் தேடி வர்றா என்று சொன்னவன்.

மார்ச் 11, செவ்வாய்

"பத்தொன்பது நாள்" என்றான் அண்ணன். "தினமும் என் எதிர்லதான உக்காந்து சாப்பிட்டே?"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். சரிதான்.

"சுறாவுக்குக் காது இருக்கான்னு கேட்டே. அதுதானா அது?"

தலையாட்டினேன்.

"இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே, பாப்பா."

அடித்திருக்கலாம். எழுந்து போய்விட்டான்.

மார்ச் 19, புதன்

கடைக்குப் பூட்டு. மேனேஜர் ஊரைவிட்டே போய்விட்டதாகச் சொல்கிறார்கள். வழக்கு அவர் மேல். அண்ணன் மேல் ஒன்றும் இல்லை. ஆனால் இரை போட்டுச் சுறாவைப் பழக்கியதற்காக அவனும் இனி விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு இறங்கக்கூடாதாம்.

தெருவில் படகோட்டி மாமா எதிரே வந்தார். "பேசவே மாட்டேங்குதேன்னு நினைச்சேன். ஒரு நாள் பேசுச்சு, பத்துக் குடும்பத்து அடுப்பை அணைச்சுடுச்சு" என்றார், என்னிடம் இல்லை, பக்கத்திலிருந்தவரிடம். களைப்பு என்றாவது கூப்பிட்டிருக்கலாம்.

நாளையிலிருந்து அம்மாவோடு ஓட்டல் துணி.

மார்ச் 27, வியாழன்

கணக்கு வாத்தியைக் கரையில் போட்டிருக்கிறார்கள்.

விசாரணையில் நான் சொன்னது ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. நான்கு படகு போயிருக்கிறது. பழைய சிலிண்டரைத் தண்ணீரில் இறக்கிச் சுத்தியலால் தட்டினார்களாம். தேடவே வேண்டியிருக்கவில்லையாம், தானாகவே வந்தனவாம். ஒன்பது.

நான் போய்ப் பார்க்கவில்லை.

பார்த்தேன். துடுப்பில் அந்த வெட்டு. வயிற்றில் குட்டிகள் இருந்தன. அண்ணனும் கூட்டத்தில் நின்றான், கொஞ்சம் தள்ளி. அவளைப் பற்றி எத்தனை கதை கேட்டிருக்கிறேன். முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். கோபமான முகம் இல்லை. ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிற முகம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அண்ணன் ஐஸ் ஃபேக்டரியில் சேர்ந்திருக்கிறான். வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் மட்டும் பேசுவான். எனக்குச் சொல்ல வேண்டியதையும் அம்மாவிடமே சொல்வான். "அந்தத் துண்டை எடுக்கச் சொல்லும்மா." நான் பக்கத்திலேயே நிற்பேன்.

இரும்புச் சத்தம் ஆகவில்லை அவனுக்கு. கரண்டி விழுந்தால் தோள் தூக்கிவாரிப்போடுகிறது. அம்மா எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றையும் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் தட்டு. வீடு இப்போது சத்தமே இல்லாத வீடு. நான் ஒருகாலத்தில் ஆசைப்பட்ட மாதிரி.

மே 11, ஞாயிறு

அதிகாரி அம்மாவிடம் போய் நின்று கேட்டு, பல் டாக்டரின் முகவரி வாங்கினேன். ஆறு முறை எழுதிக் கிழித்தேன். ஏழாவதில் இரண்டே வரி. 'எனக்கு முன்னாடியே தெரியும். அன்றைக்கு அறையில் நீ சிரித்துக்கொண்டிருந்தபோதும் தெரியும்.' போட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் எழுத வேண்டியிருக்கும். எந்தக் கையால் எழுதுவாள்?

ஜூன் 3, செவ்வாய்

எண்பது விரிப்பு, நூற்றுப்பத்துத் துண்டு. பதில் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பிளாஸ்டிக் டம்ளர்கள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டுவிட்டன. காலையில் வேலைக்குப் போகும்முன் அம்மா பரணிலிருந்து எவர்சில்வர் டம்ளர் இரண்டை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு விடுமுறை, அண்ணனுக்கும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுப் பின்பக்கம் வந்துவிட்டேன். நான் அங்கே இருந்தால் அவன் சாப்பிடமாட்டான். தண்ணீர் வைக்க மறந்துவிட்டேன் என்பது துணி காயப்போடும்போதுதான் ஞாபகம் வந்தது. வழக்கமாக அவனே எழுந்து எடுத்துக்கொள்வான். மூன்று மாதமாக என்னிடம் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டதில்லை.

உள்ளேயிருந்து கேட்டது. தரையில் டம்ளர். டிங். டிங். டிங்.

ஈரத்துணி கையில் அப்படியே இருந்தது. அம்மா வீட்டில் இல்லை. அப்படியென்றால் என்னைத்தான்.

போனேன். யோசித்துப் போகவில்லை, கால் போய்விட்டது; தண்ணீர்ச் சொம்பைக் கை எடுத்திருந்தது. அண்ணன் தலையைத் தூக்கவில்லை. டம்ளரை நீட்டினான். டம்ளர் என் சொம்பின் விளிம்பில் பட்டு இன்னும் ஒரு தடவை சத்தம் வந்தது. இரண்டு பேரும் அது அடங்கும்வரை அசையவில்லை.

ஊற்றினேன். பாதி குடித்தான். மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சொம்போடு அங்கேயே நின்றேன். போகச் சொல்லவில்லை.